நாற்பத்து மூன்று வீட்டுப் படிவங்கள்

வெள்ளவத்தை
23.03.2025

அன்புள்ள தங்கச்சி நிஷாந்திக்கு,

கடிதத்தைக் கண்டதும் கிழித்துப் போடாதே. கொண்டு வந்தவன் றொஹான். அவனுடைய த்ரீவீல் ஓட்டோ தினமும் உங்கள் தோட்டத்து வரிசை வீடுகளின் முனையில்தான் நிற்கிறது. பாவம், அவன் மேல் எரிந்து விழாதே. தொலைபேசியில் பேசலாம் என்றால் என் நம்பரை நீ தடுத்து வைத்திருக்கிறாய். நாலு வருடம் முன்பு அம்மா இறந்த எட்டாம் நாள் செலவன்று நேருக்கு நேர் வந்தும் நீ முகம் பார்க்கவில்லை. எனக்கு வேறு வழி தெரியவில்லை.

விஷயம் இதுதான். மாநகர சபைத் தேர்தலில் நிற்கிறேன். சுயேச்சைக் குழு. வேட்புமனு ஏற்றுக்கொண்டார்கள். சின்னம் கேத்தல். சிரிக்காதே, குலுக்கலில் அதுதான் விழுந்தது. நிற்பது வெள்ளவத்தையில் இல்லை, கொட்டாஞ்சேனையில், நம் வட்டாரத்தில். வெள்ளவத்தையில் என் ஹார்ட்வெயார் கடைக்குப் பக்கத்தில் சவுந்தரநாயகம் ஐயா என்று ஓய்வுபெற்ற வங்கி மனேஜர் ஒருவர் இருக்கிறார். அவர்தான் எல்லாவற்றையும் நடத்துகிறார். எந்த வீதியில் எத்தனை வாக்கு என்று கட்டம் போட்டு வைத்திருக்கிறார்.

ஆனால் கட்டத்தில் மனிதர்கள் இல்லையே. ஆறு வருடமாக நான் அந்தப் பக்கம் இல்லை. யார் போய்விட்டார்கள், யார் வீட்டில் கல்யாணம் நடந்தது, யாருக்கு யாரோடு பேச்சில்லை, ஒன்றும் தெரியாது. நீ என்னோடு ஒரு நான்கு மாலை வீடு வீடாக நடந்து வந்தால் போதும். குப்பாயியம்மாவின் பிள்ளைகள் இரண்டு பேரும் ஒன்றாய் வந்து நின்றால் யார் கதவைச் சாத்துவார்கள்?

உன் கோபம் எதற்கென்று எனக்குத் தெரியாமல் இல்லை. அதைப் பிறகு ஆறுதலாகப் பேசுவோம். மச்சானைக் கேட்டதாகச் சொல்லு.

உன் அண்ணன்
லோகேஸ்வரன்


கொட்டாஞ்சேனை
27.03.2025

அண்ணாவுக்கு,

றொஹான் கடிதத்தை நீட்டி, "நங்கி, அய்யே தந்தது" என்று தங்கச்சி, அண்ணன் இரண்டையும் சிங்களத்தில் சொல்லிச் சிரித்தான். தண்ணீர்க் குழாயடியில் எட்டுப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதனால்தான் வாங்கினேன்.

வெள்ளவத்தையில் கொதிக்கிற கேத்தலில் கொட்டாஞ்சேனைக்கு எப்படித் தேநீர் ஊற்றப் போகிறீர்கள்? நான் உங்களோடு நடக்க வரமாட்டேன். நான் வந்தால் உங்களுக்குத்தான் நட்டம். சாத்துகிற கதவை எனக்குத்தான் சாத்துவார்கள். உங்களுக்குத் திறப்பார்கள், கவலைப்படாதீர்கள்.

"பிறகு ஆறுதலாகப் பேசுவோம்" என்று எழுதியிருக்கிறீர்கள். ஆறு வருடம் போதாதா? உங்களுக்கு மறந்திருக்கும், நான் எழுதுகிறேன். ஈஸ்டர் ஞாயிறன்று தேவாலயத்தில் குண்டு வெடித்த அடுத்த மாதம். வீதி முனையில் பொலிஸ்காரர் நின்று யார் எந்த வீடு, பெயர் பதிவில் இருக்கிறதா என்று கேட்கிறார்கள். ஆட்கள் பயந்து வெளியே போகவில்லை. நீங்கள் தோட்டத்துச் சங்கத்துச் செயலாளர். "யாரும் வரிசையில நிக்க வேணாம், வாக்காளர் படிவத்த நிரப்பி என் கையில குடுங்க, கிராம சேவகர்கிட்ட நானே குடுக்குறேன்" என்றீர்கள். நாற்பத்து மூன்று வீடு கொடுத்தது. இரண்டு கிழமையில் நீங்களும் அண்ணியும் சாமான் ஏற்றிக்கொண்டு வெள்ளவத்தைக்குப் போய்விட்டீர்கள். படிவப் பையும் உங்களோடு போய்விட்டது.

அடுத்த வருடத் தேர்தலுக்கு வாக்காளர் அட்டை வரவில்லை. தபால்காரரைத் திட்டினோம். வாக்குச் சாவடிக்குப் போன பிறகுதான் தெரிந்தது, நாற்பத்து மூன்று வீட்டிலும் ஒருவர் பெயரும் இல்லை. அன்று மத்தியானம் முழுத் தோட்டமும் நம் வீட்டு வாசலில். அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அவருடைய இருதயம் அப்போது எப்படி இருந்தது என்று உங்களுக்குத் தெரியும். மகன் செயலாளர் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவர். நான்தான் முன்னால் போய், "அண்ணன் என்கிட்டதான் குடுத்துட்டுப் போனாரு, நான்தான் பஸ்ஸில தொலச்சிட்டேன்" என்றேன்.

அன்றிலிருந்து தொலைத்தவள் நான், நல்லவர் நீங்கள். போய் வாக்குக் கேளுங்கள்.

நிஷாந்தி


வெள்ளவத்தை
04.04.2025

நிஷாந்தி,

எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டேன். நீ என்னை "நீங்கள்" என்று எழுதியிருக்கிறாயே, அதுதான் சுட்டது. சின்ன வயதில் அப்பா அடித்தும் நீ என்னை "நீ" என்றுதான் கூப்பிட்டாய்.

நான் வேண்டுமென்று செய்யவில்லை. வீடு மாறிய அவசரத்தில் அந்தப் பை சாமானுக்குள் போய்விட்டது. ஒரு மாதம் கழித்துத்தான் கண்ணில் பட்டது. கடைசித் திகதி முடிந்திருந்தது. கிராம சேவகரிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். வெட்கமாக இருந்தது. நாளைக்குப் போவோம், நாளைக்குப் போவோம் என்று இருந்தேன். பிறகு பையை நீதான் தொலைத்ததாக ஒத்துக்கொண்டாய் என்று அம்மா சொன்னார். நான் உன்னை அப்படிச் சொல்லச் சொன்னேனா? இல்லையே. ஆனால் கேட்டதும் எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது உண்மை. அதை உன்னிடம் மறைக்க மாட்டேன்.

நேற்று சவுந்தரநாயகம் ஐயாவோடு நம் தோட்டத்துக்கு வந்தேன். நீ வேலைக்குப் போயிருந்தாய். மழைக்கு முன்னே கழிவுநீர்க் கானைத் துப்புரவாக்க வேண்டும், பொதுக் கழிப்பறைக்குக் கதவு வேண்டும், கொள்கலன் லொறிகள் அந்தக் குறுகிய ஒழுங்கைக்குள் திரும்பக் கூடாது என்று எல்லோரும் சொன்னார்கள். எழுதிக்கொண்டேன். இதையெல்லாம் என்னால் செய்ய முடியும், நிஷாந்தி. கொட்டாஞ்சேனைக்குச் சபையில் சத்தம் போட ஓர் ஆள் வேண்டும். அந்த ஆசை பொய்யில்லை.

புஷ்பராஜ் மனைவி ஜெயராணி உள்ளே கூப்பிட்டுத் தேநீர் தந்தாள். "உங்க தங்கச்சிய நம்பிக் குடுத்தீங்க பாருங்க, அது ஒண்ணுதான் நீங்க செஞ்ச தப்பு" என்றாள். தேநீரைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன். இதை ஏன் உனக்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

தேர்தல் முடியட்டும். முடிந்ததும் நானே வந்து எல்லோர் முன்னிலும் சொல்கிறேன். இன்னும் ஒரு மாதம்தானே.

லோகேஸ்


கொட்டாஞ்சேனை
12.04.2025

அண்ணா,

தேர்தல் முடிந்த பிறகு சொல்லுவாயாம். வென்றால் சபையில் இருந்துகொண்டு சொல்லுவாய், தோற்றால் வெள்ளவத்தையில் இருந்துகொண்டு சொல்லுவாய். ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு காலா உனக்கு? இப்போது "நீ" என்று எழுதிவிட்டேன், சந்தோஷமா?

ஜெயராணி வீட்டுத் தேநீர் எப்படி இருந்தது? நான் அந்த வீட்டில் தேநீர் குடித்து மூன்று வருடம். அவளும் நானும் ஒரே தொழிற்சாலையில் ஒரே வரிசையில் தைத்தவர்கள். அவளுடைய பிள்ளைக்குப் பள்ளிக்கூட அனுமதி கேட்டபோது ஐந்து வருட வாக்காளர் பெயர் இடாப்பில் பெற்றோர் பெயர் இருக்க வேண்டும் என்றார்கள். ஒரு வருடம் குறைந்தது. புள்ளி போதவில்லை. நடந்து போகிற தூரத்தில் பள்ளிக்கூடம், பிள்ளை இப்போது வேனில் வத்தளைக்குப் போகிறது. காலை ஐந்தரைக்கு அந்தப் பிள்ளை தூக்கத்தோடு வேனில் ஏறுவதை நான் தினமும் ஜன்னலால் பார்க்கிறேன்.

ஆடி வேல் திருவிழா வந்தால் தோட்டத்துப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து வேலை பிரிப்பார்கள். பூ ஒருத்தி, பிரசாதம் ஒருத்தி. என்னிடம் ஒரு துண்டுக் கடதாசியும் தரமாட்டார்கள். "நிஷாந்திகிட்டயா? பஸ்ஸில விட்டுருவா" என்று சிரிப்பார்கள். முதல் வருடம் நானும் சிரித்தேன். இப்போது போவதில்லை. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது.

அம்மா இருக்கும் வரை எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. அவர் நிம்மதியாகப் போனார், அது போதும். அவர் போன பிறகு ஒரு நாள் நீ வருவாய், சொல்லுவாய் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வேட்புமனுவோடு வந்திருக்கிறாய்.

வருடப் பிறப்புக்கு அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் என் வாழ்த்து. உனக்கு இந்த வருடம் இல்லை.

நிஷாந்தி


வெள்ளவத்தை
26.04.2025

தங்கச்சி,

இன்று காலை சவுந்தரநாயகம் ஐயா நம் வட்டாரத்து வாக்காளர் இடாப்பைக் கையில் தந்து, "தம்பி, உங்கட தோட்டத்தில ஆர் நிச்சயம், ஆர் சந்தேகம் எண்டு குறியுங்கோ" என்றார். பச்சைப் பேனாவோடு உட்கார்ந்தேன். நம் வீட்டு இலக்கம் வந்தது. மச்சான் பெயர் இருக்கிறது. உன் மாமியார் பெயர் இருக்கிறது. உன் பெயர் இல்லை.

பக்கத்து இலக்கத்தில் தேடினேன். பக்கம் மாறியிருக்குமோ என்று மேலும் கீழும் தேடினேன். கடையில் சாமான் வாங்க வந்தவர் இரண்டு தரம் கூப்பிட்டும் எனக்குக் கேட்கவில்லை. மற்ற நாற்பத்து இரண்டு வீட்டுப் பெயர்களும் அடுத்தடுத்த வருடங்களில் திரும்ப வந்திருக்கின்றன. உன்னுடையது மட்டும் இல்லை. ஏன்? மச்சான் எழுத மறந்தாரா? இத்தனை தேர்தல் போயிற்றே, நீ ஒன்றிலும் வாக்களிக்கவில்லையா?

ஐயாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உதை இப்ப சொன்னா உங்கட தோட்டம் மட்டுமில்லை, சுத்தியிருக்கிற நாலு ஒழுங்கையும் போகும். முந்நூறு வாக்கு. எலெக்‌ஷன் முடியட்டும், பிறகு சொல்லுங்கோ" என்றார். நான் உனக்கு எழுதிய அதே வார்த்தை. இன்னொருவர் வாயால் கேட்கும்போது அசிங்கமாக இருந்தது.

மே இரண்டாம் திகதி நம் தோட்டத்தில் பொக்கட் மீட்டிங், சின்னத் தெருக்கூட்டம். சொல்லட்டுமா? நீ என்ன சொல்கிறாயோ அதைச் செய்கிறேன்.

அண்ணன்


கொட்டாஞ்சேனை
28.04.2025

அண்ணா,

என்னைக் கேட்காதே. கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்லுவேன். உன் தங்கை வேறு என்ன சொல்லுவாள்? நீ மேடையில் தலை குனிந்து நிற்பதைப் பார்க்க எனக்கு ஆசையா? ஆனால் வேண்டாம் என்று என் வாயால் வாங்கிக்கொண்டு போய் நிம்மதியாகத் தூங்கப் பார்க்காதே. ஒரு முறை என் வாயால் தப்பித்தாய், போதும்.

உன் மற்றக் கேள்விக்குப் பதில். உன் மச்சான் மறக்கவில்லை. அடுத்த வருடம் படிவம் வந்தபோது அவர் எழுத உட்கார்ந்தார். நான்தான் என் பெயரை எழுத வேண்டாம் என்றேன். கோபம். நாற்பத்து மூன்று வீட்டுப் பெயரையும் தொலைத்தவள் என்று சொல்கிறீர்களா, சரி, என் பெயர் இல்லாமலே போகட்டும் என்று ஒரு வீம்பு. அதற்கடுத்த வருடம் அவர் கேட்டார், வேண்டாமென்று தலையாட்டிவிட்டுச் சமைக்கப் போனேன். பிறகு அவரும் கேட்பதில்லை. தேர்தல் நாளில் வீட்டில் எல்லோரும் போய் விரலில் மையோடு வருவார்கள். நான் உடுப்புத் துவைப்பேன்.

வெட்கமாகத்தான் இருக்கிறது. யாரிடமும் சொன்னதில்லை, உனக்குத்தான் எழுதுகிறேன்.

நிஷாந்தி


கொட்டாஞ்சேனை
04.05.2025

அண்ணாவுக்கு,

நான் மீட்டிங்குக்கு வரவில்லை என்று தேடியிருப்பாய். வீட்டுக்குள் குசினியில் இருந்தேன். ஒலிபெருக்கி சத்தம் எங்கள் கூரைத் தகட்டில் பட்டுக் காதில் விழுந்தது.

கான், கழிப்பறை, லொறி எல்லாம் பேசினாய். கைதட்டினார்கள். பிறகு ஏதோ பையைப் பிரிக்கிற கரகரப்பு மட்டும் கேட்டது. ஒலிபெருக்கி பழுதாகிவிட்டதோ என்று நினைத்தேன். "என் தங்கச்சி எதையும் தொலைக்கல. அந்தப் பை ஆறு வருஷமா என் வீட்டு அலுமாரியில இருக்கு. இந்தா இருக்கு" என்றாய். அடுப்பில் கறி இருந்ததே எனக்கு மறந்துவிட்டது, அண்ணா. கறி அடிப்பிடித்து, மாமியார் வந்துதான் இறக்கி வைத்தார்.

நீ வீடு வீடாகப் பெயர் கூப்பிட்டு அவரவர் படிவத்தை அவரவர் கையில் கொடுத்தாய். நீ கூப்பிட்ட ஒவ்வொரு பெயரையும் கேட்டேன். சிலர் வாங்க வரவில்லை போல, இரண்டு மூன்று முறை கூப்பிட்டாய். பிறகு யாரோ கூச்சல் போட்டார்கள். நீ போன த்ரீவீல் சத்தமும் கேட்டது.

நீ போன பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. ஜெயராணி நேரே என் வீட்டுக்கு வந்தாள். வந்து மன்னிப்புக் கேட்பாள், கட்டிப்பிடித்து அழுவாள் என்று நான் முட்டாள்தனமாக நினைத்தேன். அவள் படிவத்தை என் முகத்துக்கு நேரே பிடித்தாள். புஷ்பராஜின் கையெழுத்து, இரண்டு பேரின் பெயர், 2019 என்று திகதி. "ஸ்கூல் அப்பீலுக்குப் போகக்குள்ள உன்கிட்ட வந்து கேட்டேனா இல்லையா? ஏதாவது ஒரு துண்டு இருந்தா குடு, காட்டிப் பாக்குறேன்னு அழுதேனா இல்லையா? பஸ்ஸில போயிருச்சுன்னே. இது அப்ப என் கையில இருந்திருந்தா? கெடச்சிருக்குமோ இல்லையோ, கேட்டாவது பாத்திருப்பேனே!" என்றாள்.

அவள் சொன்னது உண்மை. அவள் கேட்டு வந்த அன்று அம்மா இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. யாரைக் காப்பாற்ற அன்றும் பொய் சொன்னேன்? பழகிப்போய்ச் சொன்னேன். பழியைச் சுமக்கிறேன், நான் நல்லவள் என்று ஒரு பெருமையும் உள்ளே இருந்திருக்க வேண்டும். அந்தப் பெருமைக்கு அவளுடைய பிள்ளை வேனில் போகிறது.

உன்னை மட்டும் திட்டிக்கொண்டிருந்தேன், அண்ணா. என் பங்கும் இருக்கிறது. முழுப் பூசணிக்காயை இரண்டு பேரும் சேர்ந்துதான் சோற்றில் மறைத்திருக்கிறோம். நேற்று முழுக்க அழுதேன். இன்று பரவாயில்லை.

நாளை மறுநாள் வாக்களிப்பு. நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் போ. அன்றைக்கு நீ வாய் திறந்ததற்கு எனக்குச் சந்தோஷம். அதையும் எழுத வேண்டும் என்று நினைத்தேன்.

நிஷாந்தி


வெள்ளவத்தை
08.05.2025

அன்புத் தங்கச்சி,

முடிவு உனக்கு முன்பே தெரிந்திருக்கும். நம் வட்டாரத்தில் நூற்றுப் பதினெட்டு வாக்கு. குழுவுக்கு ஓர் ஆசனமும் இல்லை. சவுந்தரநாயகம் ஐயா கட்டம் போட்ட கடதாசியை என் கடை மேசையில் வைத்துவிட்டு, "சரி தம்பி" என்று மட்டும் சொல்லிப் போனார். அவர் கோபப்பட்டிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். அண்ணி இரண்டு நாளாகச் சுவரொட்டி ஒட்டிய பசை வாளியைக் கழுவிக்கொண்டே இருக்கிறாள்.

வருத்தம் இல்லை என்று எழுதினால் நம்பமாட்டாய். இருக்கிறது. நிறைய இருக்கிறது. அந்தச் சபையில் ஒரு நாளாவது எழுந்து நின்று பேச வேண்டும் என்று எவ்வளவு ஆசைப்பட்டேன் தெரியுமா? சொல்லாமல் விட்டிருந்தால் வென்றிருப்பேனோ என்று நேற்றுப் பத்துத் தரம் கணக்குப் பார்த்தேன். பார்த்தேன், என்ன செய்ய, மனிதன்தானே. அப்படி வென்றிருந்தால் ஜெயராணி வீட்டுக்கு இன்னொரு முறை தேநீர் குடிக்கப் போயிருப்பேன்.

நீ உன் பங்கு என்று எழுதியிருந்தாய். அதை நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன் என்று எழுத உட்கார்ந்தேன். பிறகு யோசித்தேன், ஜெயராணி கேட்டது நியாயம், அதை நான் துடைத்துப் போட முடியாது. ஆனால் முதல் பொய்யை நீ சொல்ல வேண்டி வந்த இடத்தில் நான்தான் இல்லாமல் போனேன். என்னை மன்னித்துவிடு.

கான் இன்னும் அடைத்துக் கிடக்கிறது, மழை வரப்போகிறது. தோற்றவன் கொடுத்தாலும் மனு மனுதான். அதைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி மாநகர சபைக்குக் கொண்டுபோகிறேன். அதற்குக் கையெழுத்து வாங்க ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்கு வருகிறேன். திட்டுவார்கள், திட்டட்டும்.

உன் லோகேஸ்


கொட்டாஞ்சேனை
13.05.2025

அண்ணா,

ஞாயிற்றுக்கிழமை வந்தாய், இருபத்தாறு கையெழுத்து வாங்கினாய், நாலு வீட்டில் வசை வாங்கினாய். என் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரத் தயங்கி நின்றாய். சோறு போட்டேன், சாப்பிட்டாய், இரண்டு பேரும் பருப்புக் கறியைப் பற்றி மட்டும் பேசினோம். அதனால் மிச்சத்தை எழுதுகிறேன்.

உன் நூற்றுப் பதினெட்டில் ஒன்று யாருடையது என்று தெரியுமா? நேற்றுக் குழாயடியில் ஜெயராணி வாளியைப் பார்த்துக்கொண்டே, "ஒன் அண்ணனுக்குத்தான் போட்டேன். போய்ச் சொல்லிக்கிட்டுத் திரியாத" என்றாள். ஏன் என்று கேட்டேன். "போட்டேன், அவ்வளவுதான்" என்றாள். என்னோடு அவளுக்கு இன்னும் சரியாகப் பேச்சில்லை. வாளி நிறையும் வரை நின்றோம். அவளுடைய பிள்ளைக்கு நான் என்ன செய்ய முடியும் என்று தெரியவில்லை. காலையில் வேன் வரும் வரைக்கும் அதோடு நிற்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். இன்று காலை போய் நின்றேன், போகச் சொல்லவில்லை.

வாக்காளர் பெயர்ப் பட்டியல் திருத்துகிறார்கள். படிவத்தை எடுத்து நானே நிரப்பினேன். என் பெயரை எழுதும்போது தப்பாக எழுதிவிடுவேனோ என்று பயமாக இருந்தது, சிரிக்காதே. உனக்குத் தெரிந்திருந்தால் நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்றிருப்பாய், அதனால்தான் உன்னிடம் சொல்லவில்லை. அரை நாள் லீவு போட்டு, வரிசையில் நின்று, கிராம சேவகர் கையில் கொடுத்து, அவர் பதிவுப் புத்தகத்தில் எழுதும் வரை நின்று பார்த்துவிட்டு வந்தேன்.

நீ திரும்ப நிற்பாய் என்று எனக்குத் தெரியும். உன் குணம் அது. நின்றால் என் வீட்டுக்கும் வா. தங்கச்சி வீடு என்று தாண்டிப் போகாதே. துண்டுப்பிரசுரத்தை என் கையில் கொடுத்து, என்ன செய்வாய் என்று சொல்லி, என் வாக்கைக் கேள். உனக்குப் போடுவேனா என்று யோசித்துத்தான் சொல்லுவேன்.

நிஷாந்தி